ஆறு உடையும் பருவத்தில் என் வேலை

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விடுமுறை கிடையாது. ஆல்பனி ஆற்றில் பனி உடையும் காலம் அது. கனடாவின் வட ஒன்ராறியோவில், ஜேம்ஸ் விரிகுடாவுக்கு அருகே, அந்த ஆற்றங்கரையில் காஷெச்சுவன் என்ற ஊர் இருக்கிறது. க்ரீ என்ற முதற்குடி (பழங்குடி) மக்களின் ஊர் அது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். உள்நாட்டில் முதலில் இளகிய பனிப்பாளங்கள், கழிமுகத்தில் இன்னும் இறுகிக் கிடக்கும் பனியில் வந்து முட்டி அடைத்துக்கொள்கின்றன. பின்னால் வரும் நீர் ஊர்ப்பக்கம் ஏறுகிறது. கரையில் அணை கட்டியிருக்கிறார்கள். அதை நம்பி உறங்குபவர்கள் குறைவு. பனிமேல் போட்ட குளிர்காலச் சாலையும் அதற்குள் கரைந்துவிடுவதால் வெளியேற விமானம்தான் வழி. இருபது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒவ்வொரு வசந்தத்திலும் இதுவே கதை. டிமின்ஸ் நகரில் வந்திறங்குபவர்களைப் பதிந்து, அறையும் உணவும் ஒழுங்கு செய்வது என் பணி.

விமானத்தில் முதலில் ஏறுபவர்கள் முதியோர், நோயாளர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள். காகிதத்தில் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அங்கே பல வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவரே பாட்டிதான். பாட்டி முதல் விமானத்தில் டிமின்ஸுக்கு வருவார். இங்கே அறைகள் நிரம்பிவிட்டால் பிள்ளைகள் ஏறும் விமானம் கப்புஸ்கேசிங், தண்டர் பே என்று வேறொரு நகரத்துக்குப் போய்விடும். பக்கத்து ஊரான ஃபோர்ட் ஆல்பனியில்தான் செயின்ட் ஆன்ஸ் உறைவிடப் பள்ளி 1976 வரை நடந்தது. பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த க்ரீ பிள்ளைகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் எஞ்சியிருப்பவர்கள்தான் இன்று எங்கள் பட்டியலின் உச்சியில் வரும் முதியவர்கள். ஒளிரும் மேற்சட்டை போட்ட ஓர் அதிகாரி எண்ணைக் கூப்பிட்டு, "பிள்ளை இந்தப் பக்கம் வரட்டும்" என்று சொல்லும்போது அவர்களுக்கு என்ன நினைவு வரும் என்பதை விளக்கப் பயிற்சி வகுப்பு எதற்கு?

1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவன் என்பதால் எனக்கு இதெல்லாம் புரியும் என்று மேலதிகாரி ஒருவர் சொல்வதுண்டு. பாதிதான் சரி. நாங்கள் திரும்பும் நாள் தெரியாமல் நடந்தோம். இவர்களுக்கோ இடப்பெயர்வு நாட்காட்டியில் குறித்து வைத்ததுபோல ஆண்டுதோறும் வருகிறது. அதனாலேயே, ஒழுங்காகச் செய்ய முடியாமல் போனதற்கு அரசுக்குச் சாக்கு ஏதுமில்லை.

ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிவிடும் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண். எங்கள் கணினிப் பட்டியல் வயது, நோய், முன்னுரிமைக் குறியீடு என்று அடுக்கியிருக்கும். அவரிடம் கையால் எழுதிய இன்னொரு பட்டியல் உண்டு. வசந்தத்தில் எந்தெந்தக் குடும்பங்கள் எந்த வேட்டை முகாமுக்குச் சேர்ந்து போகும் என்ற வரிசை அது. யார் யாரோடு பேசுவதில்லை என்பதுகூட ஓரத்தில் இருக்கும். அதைப் பார்த்து அறைகளை ஒதுக்கினால் ஹோட்டலில் நள்ளிரவுச் சச்சரவுகள் பெரும்பாலும் இல்லை. கணினி அந்தப் பட்டியலை ஏற்காது. நான் அச்சடித்து மேசையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

சாப்பாடு இன்னொரு தலைவலி. ஒப்பந்தக்காரர் தருவது சாண்ட்விச், பாஸ்டா, இனிப்புப் பானம். வருபவர்களில் நீரிழிவுக்காரர் ஏராளம். ஒருமுறை முகாமிலிருந்து உறவினர் அனுப்பிய காட்டுவாத்துகளை ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். மடியில் துணி விரித்து, இறகை ஒரு பையிலும் பஞ்சுபோன்ற அடித்தூவியை இன்னொரு பையிலுமாகப் பிரித்துப் போட்டார். தலையணைக்கு ஆகும். சுற்றிலும் பத்துப் பிள்ளைகள். வந்த நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் பார்க்கவில்லை. ஹோட்டல் முகாமையாளர் எனக்குத் தொலைபேசியில் முறையிட்டது தரையில் பறந்த நாலு இறகைப் பற்றி! பரிசோதிக்கப்படாத வேட்டை இறைச்சியைப் பொது இடத்தில் பரிமாறச் சட்டம் இலகுவில் விடாது. குடும்பம் தனக்குச் சமைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒரு சமையலறையை வாடகைக்குப் பிடித்தோம், பிரச்சினை தீர்ந்தது.

இதில் வேடிக்கை, வெள்ள அபாயமும் வாத்து வேட்டையும் ஒரே பருவத்தில் வருவதுதான். அப்போது பள்ளிக்கே விடுமுறை. வேட்டை முகாம்கள் மேட்டு நிலத்தில் இருக்கின்றன. எந்த மேட்டில் நீர் ஏறாது என்று பெரியவர்களுக்குத் தெரியும். 2020இல் கொரோனா பயத்தில் நகரங்களுக்குப் போக மாட்டோம் என்று ஊர் முடிவெடுத்து முகாம்களுக்குக் கிளம்பியது. அரசும் பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. இந்த எளிய யோசனையை ஏற்க ஒரு பெருந்தொற்று வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான். ஹோட்டல் கட்டணம் கேள்வியில்லாமல் கையெழுத்தாகிறது. முகாமுக்குப் போகும் படகுக்கான பெட்ரோலுக்கோ விளக்கத்துக்கு மேல் விளக்கம் கேட்கிறார்கள். முதற்குடி ஊர்களில் அவசரநிலையைத் தடுப்பதற்கும் ஆயத்தத்துக்கும் செலவிட்டதைப்போல மூன்றரை மடங்கை, அது வந்தபின் சமாளிக்கவே மத்திய அரசுத் துறை செலவிட்டதாகக் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் 2022இல் எழுதினார். எங்கள் மேசையில் இருந்தவர்களுக்கு அது செய்தியே அல்ல.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017 காட்டுத்தீயின்போது ட்லெடின்கோ என்ற முதற்குடி ஊரில் முந்நூறு பேரளவில் வெளியேற மறுத்து, நின்று தீயை எதிர்த்தார்கள். வெளியேறாவிட்டால் பிள்ளைகளை எடுத்துச் செல்வோம் என்று போலீசார் மிரட்டியதாகத் தலைவர் ஜோ அல்ஃபோன்ஸ் பகிரங்கமாகச் சொன்னார். மறு ஆண்டே அவர்களுடைய ஆட்சியமைப்போடு மத்திய, மாகாண அரசுகள் அவசரநிலை நிர்வாகத்துக்கு ஒப்பந்தம் போட்டன. உறுதியாக நின்றவர்களிடம்தான் அரசு பேச வருகிறது.

முகாம் எல்லோருக்கும் ஆகாது. டயாலிசிஸ் நோயாளிகளும் பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்களும் நகரத்துக்கு வந்தே ஆக வேண்டும். ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற 2019இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் வசந்தத்தில் விமானங்கள் பறப்பது நிற்கவில்லை. இப்போது நான் மன்றாடிக்கொண்டிருப்பது சின்ன விடயம். நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்கிறது விதி. இருவர் வேண்டும் என்கிறார் அந்த ஒருங்கிணைப்பாளர்: ஒருவர் மருத்துவமனைக்கு, ஒருவர் பிள்ளைகளுக்கு. கோப்பு மேலிடத்தில் இருக்கிறது.