பின்னால் வளையும் முட்டி

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தபோது, நான் பிசியோதெரபி முடித்து இரண்டாவது வருடம். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பியிருந்தது. நின்றால் அந்த முட்டி நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வில்லாக வளையும். அளந்து பார்த்தேன், 20 டிகிரி. நாலைந்து டிகிரி பலருக்கும் இயல்பாகவே போகும். 20 என்றதும் இதைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். முட்டி பின்னால் போகாதபடி டேப் ஒட்டி, "லேசா மடக்கி வச்சு நடங்கண்ணே" என்றேன். நாலாவது எட்டில் கால் மடங்கி விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

கோபப்படவில்லை அவர். "இத்தன வருசமா அந்த வளைவுதான் தம்பி என்னயத் தாங்குது. அத எடுத்துட்டா நான் எத வச்சு நிக்கிறது?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. முன்தொடைத் தசைக்குப் பலம் இல்லாதவருக்கு முட்டி பின்னால் போனால், உடம்பின் எடை மூட்டுக்கு முன்பக்கமாக விழும். அந்த எடையே மூட்டைப் பூட்டிவிடும். தசை செய்ய வேண்டிய வேலையை வளைவு செய்கிறது. அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. மூட்டின் பின்பக்கத் தசைநார்கள் வருடக்கணக்கில் இழுபட்டுத் தளர்ந்துகொண்டே போகும், வலியும் கூடும். பிறகு அவருக்குக் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கட்டு, செய்தபோது கொஞ்சம் வளைவை விட்டுவைத்து, அதற்கு மேல் போகாமல் மட்டும் தடுத்தோம்.

அன்றிலிருந்து எந்த முட்டியைப் பார்த்தாலும், இது எதற்காகப் பின்னால் போகிறது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். கெண்டைக்கால் இறுகியிருந்தால் கணுக்கால் மடங்காது. காலை ஊன்றும்போது முட்டி பின்னால்தான் தள்ளப்படும். பக்கவாதம் வந்தவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். அங்கே கணுக்காலைக் கவனிக்காமல் முட்டியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

போன வருடம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். இரண்டு முட்டியும் பின்னால் போகும். கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும், முழங்கையும் அப்படித்தான் வளையும். பிறவியிலேயே தளர்வான மூட்டுகள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை. தசை களைத்ததும் முட்டியைப் பூட்டி, தசைநாரில் தொங்கிக்கொண்டு நிற்பாள்.

இவளிடம் "நேரா நில்லும்மா" என்றால் இன்னும் பின்னால் தள்ளுவாள். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, முட்டியை உண்மையான நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். "சார், மடக்கி நிக்கிற மாதிரில இருக்கு" என்றாள். வளைந்ததையே நேர் என்று உடம்பு பழகியிருந்தது. அதனால் பலத்தைவிட அந்த உணர்வைத்தான் முதலில் பழக்கினோம். குதிகாலில் சாய்ந்திருந்த எடையைப் பாதத்தின் நடுவுக்குக் கொண்டுவருவது. முட்டிக்குப் பின்னால் குறுக்காக டேப்; பின்னால் போனால் தோல் இழுத்து ஞாபகப்படுத்தும். அப்புறம் முட்டிக்குப் பின்னால் ரப்பர் பட்டையை மாட்டி, மெதுவாக நீட்டி, நேரானதும் அங்கேயே நிறுத்துவது. இந்த நிறுத்துவதுதான் முழுப் பயிற்சியும். பின்தொடைக்கு, மல்லாந்து படுத்துக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் ராத்திரி வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிற காலுக்கு எந்தப் பயிற்சி காணும்? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாகிவிட்டது. அதைச் சொன்னால், "கேக்கப் பயமா இருக்கு சார்" என்றாள். கடைக்கு நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சேலைப் பிரிவில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில்கூட அதில் உட்காரத் தயங்குகிறாள். வரும்போதெல்லாம் கேட்கிறேன், இந்த வாரம் எத்தனை தடவை உட்கார்ந்தாய் என்று.