வேலணைக் கோரைகள்: சேகரிப்புக் குறிப்பு

பெப்ரவரி 8, மண்கும்பான்

யாழ்ப்பாணத் தீவான வேலணையின் கோரைகளை உலர்தாவரகத்துக்காக, அதாவது செடிகளை அழுத்தி உலர்த்திப் பாதுகாக்கும் இடத்துக்காக, சேகரிக்கிறோம். மாரி வெள்ளம் வற்றிவிட்டது, தரவைப் புல்வெளியில் கால் வைக்கலாம். கோரைக்கு இதுதான் பருவம்: கதிர் முற்றியிருக்கும், வித்து உதிர்ந்திராது. பூவை மட்டும் வெட்டி வந்தால் பெயரிடுவது பாதி ஊகம்தான்.

மணற்பாங்கில் சைபரஸ் அரேனேரியஸ். மணலுக்குள் ஓடும் கிடைத்தண்டிலிருந்து குருத்துகள் வரிசையாக எழும்பும். தனிச்செடியென்று ஒன்றைப் பிடுங்கினால் அந்த வரிசை பதிவில் வராது. கையால் மணலை விலக்கி, இரண்டு மூன்று குருத்தோடு தண்டை ஒரே துண்டாக எடுக்க வேண்டும்.

பெப்ரவரி 9, தோட்டக்காணி ஓரம்

சாதாரணக் கோரை, சைபரஸ் ரொட்டுண்டஸ். இழுத்தால் அடியில் அறும், கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிடும். உழவாரம் மேலாகச் சீவும், உதவாது. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி, மண்கட்டியோடு வாளித் தண்ணீரில் ஊறவிட்டால் கம்பி போன்ற இழையில் கோத்த கிழங்குகள் முழுசாக வரும். இதில் முற்றிய வித்துத் தேடி மினைக்கெட வேண்டாம், அரிதாகவே பிடிக்கும்.

பெப்ரவரி 11, குளக்கரை

எலியோகாரிஸ் என்ற கோரைப் பேரினத்துக்கு இலைத்தகடு இல்லை, தண்டு நுனியில் ஒற்றைக் கதிர். மற்றவற்றை 10 மடங்கு வில்லையில் பார்க்கிறோம்: செதில்கள் இரு வரிசையில் என்றால் பெரும்பாலும் சைபரஸ், சுருளாக அடுக்கியிருந்தால் பிம்பிரிஸ்டைலிஸ் என்ற இன்னொரு பேரினத்தின் பக்கம் தேட வேண்டும். சூல்முடி (பூவில் மகரந்தம் ஒட்டும் நுனி) இரண்டா மூன்றா என்பதையும், தண்டின் குறுக்குவெட்டையும், இலையுறையின் நிறத்தையும் அங்கேயே பென்சிலால் எழுத வேண்டும். காய்ந்தபின் நிறம் மாறும், பேனா மை ஈரத்தில் ஊறும். உயரம், நீரின் ஆழம், மண், ஜிபிஎஸ் ஐந்து தசமம் வரை.

20 செடிக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. நாலைந்துதான் நிற்கிறதென்றால் படம் போதும்.

பெப்ரவரி 12

அழுத்தும் வேலை. நெடுந்தண்டை 'வி' அல்லது 'என்' வடிவில் மடிக்க வேண்டும், சுருட்டக் கூடாது. மடிப்பு நிமிராமல் கீறிய கடதாசித் துண்டைச் செருகலாம். தடித்த கிழங்கை நெடுக்காகப் பிளக்காவிட்டால் உள்ளீரம் பூஞ்சணமாகும். முதல் மூன்று நாளும் பழைய பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். உவர்த்தரவைச் செடிகளை நல்ல தண்ணீரில் அலசாமல் வைத்தால் ஒட்டிய உப்பு காற்றின் ஈரலிப்பை இழுக்கும், எத்தனை நாள் வைத்தாலும் தாள் பிசுபிசுக்கும்.

பெப்ரவரி 18

காய்ந்தவற்றைத் தாளில் ஒட்டுவதற்கு முன் உறையில் கட்டி, கழித்தல் 20 பாகை செல்சியஸ் உறைகுளிரில் ஒரு கிழமை வைக்க வேண்டும். வண்டுக்கு வேறு மருந்து வேண்டாம். உதிர்ந்த வித்துகளைச் சிறு கடதாசி உறையிலிட்டு அதே தாளில் ஒட்ட வேண்டும். பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்குப் போகும் இரண்டாம் பிரதிக்கும் அதே சேகரிப்பு இலக்கம்தான்.