கீழே கடை, நடுவில் ஆபீஸ், மேலே வீடு: சென்னைக் கோபுரத்துக்கு முகப்பு எப்படி அமைப்பது?

கலப்புப் பயன்பாட்டுக் கோபுரம் என்றதும் அடி முதல் உச்சி வரை ஒரே நீலக் கண்ணாடி போர்த்திய படம்தான் முதலில் மேசைக்கு வருகிறது. அந்தப் படத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கடைக்கு ராத்திரி வரை ஏசி ஓட வேண்டும், ஆபீசுக்குக் கண் கூசாத வெளிச்சம் வேண்டும், வீட்டுக்குத் திறக்கிற ஜன்னல் வேண்டும். விதிகளும் வேறு வேறு. கடைக்கும் ஆபீசுக்கும் 2017 ஈசிபிசி, அதாவது வணிகக் கட்டடங்களுக்கான இந்திய எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு: சுவரில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது, விழும் வெயில் வெப்பத்தில் கண்ணாடி உள்ளே விடும் பங்கு, அதாவது எஸ்எச்ஜிசி, 0.27-ஐத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு அதேபோன்ற குடியிருப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018: சுவர், ஜன்னல் எல்லாம் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள். எனவே பயன்பாடு மாறுகிற மாடியில் முகப்பும் மாறித்தான் ஆக வேண்டும்.

திசைக்குத் திசையும் மாற வேண்டும். 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குக் கண்ணாடிக்கு எஸ்எச்ஜிசி 0.50 வரை போகலாம் என்று ஈசிபிசி சலுகை தருகிறது. 13 டிகிரியில் இருக்கும் சென்னைக்கு அது கிடையாது, அது நியாயம்தான். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவர் காய்கிறது, தெற்குச் சுவர் நிழலில் இருக்கிறது.

தெற்கைச் சமாளிப்பது சுலபம். ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலுக்கு மேல் 60 செ.மீ. சன்ஷேட் இருந்தால், அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை தவிர மற்ற நாட்களில் நடுப்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது. மேற்குதான் கஷ்டம். மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 33 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே 60 செ.மீ. சன்ஷேட் அப்போது 40 செ.மீ. நிழல்தான் தரும், மீதி ஒரு மீட்டருக்கு மேல் வெயில். சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் ஃபின்னும், அதாவது நிழல் தரும் நெடுக்குப் பலகையும், நேரெதிர் வெயிலை மறைக்காது. 30 செ.மீ. அகல ஃபின்னை 45 டிகிரி சாய்த்து, 21 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால்தான் மறையும், அப்போது வெளியே பார்க்க முடியாது. ஆகவே லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை, டக்ட் எல்லாவற்றையும் மேற்கில் தள்ளுவதுதான் சரியான வழி. இதைக் கட்டமைப்பு வரைபடம் முடிவதற்குள் பேசிவிட வேண்டும், பிறகு கேட்டால் லிஃப்ட், படிக்கட்டு அடங்கிய அந்தக் கோர் நகராது.

கண்ணாடியில் காசை எங்கே போடுவது? வெளியே 36, உள்ளே 24 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கண்ணாடி எவ்வளவு வெப்பம் கடத்தும் என்பதே யூ மதிப்பு. அது 3.0 இருந்தால், கடத்தலால் வருவது சதுர மீட்டருக்கு 36 வாட். அதை 1.6 ஆக்கினால் 19. மேற்குச் சுவரில் 550 வாட் வெயில் விழும் நேரத்தில் எஸ்எச்ஜிசி 0.27 கண்ணாடியே 148 வாட்டை உள்ளே விடும். பாதியை வெளியே நிழலால் தடுத்தால் 74 வாட் மிச்சம். மூன்றடுக்குக் கண்ணாடிக்குச் செலவிடும் பணம் சன்ஷேடுக்குப் போகட்டும்.

கண்ணாடி அடுக்குக்கு நல்ல தொடக்கம்: வெளியே 6 மி.மீ. + 1.52 மி.மீ. பிவிபி (நடுவில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) + 6 மி.மீ. லேமினேட், 12 மி.மீ. இடைவெளி, உள்ளே 6 மி.மீ. கண்ணாடி. வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும் லோ-ஈ கோட்டிங் இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும், பிவிபியோடு ஒட்டினால் அந்தக் குணம் போய்விடும். வெளிப்பக்கம் டஃபண்ட் (முழுதாகச் சூட்டில் கெட்டிப்படுத்திய கண்ணாடி) வேண்டாம், ஹீட் ஸ்ட்ரெங்தண்ட் (பாதியளவு கெட்டிப்படுத்தியது) போதும். டஃபண்டுக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள் வருடங்கள் கழித்துக்கூட விரிந்து, காரணமில்லாததுபோல் முழுப் பலகையையும் நொறுக்கும்.

ஐரோப்பிய வரைபடத்தை அப்படியே எடுப்பவர்கள் சுவருக்குள் வைக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சான ராக்வுல்லுக்கு அறைப்பக்கம் ஈரத்தைத் தடுக்கும் ஃபாயில் ஒட்டுகிறார்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரியைத் தொடும், ஈரம் ஏசி அறையை நோக்கி வரும். குளிர்ந்த ஃபாயிலின் பின்னால் நீர் கோத்து ராக்வுல் ஊறிவிடும். ஆவித்தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும்.

இனி இந்தக் கட்டடங்கள் உண்மையில் ஒழுகுகிற இடம்: ஆபீஸ் முடிந்து வீடு தொடங்கும் மாடி. கீழே ஸ்லாபுக்கு வெளியே தொங்கும் ஒன்றரை மீட்டர் அகல யூனிடைஸ்ட் பேனல் (தொழிற்சாலையிலேயே ஃபிரேமும் கண்ணாடியும் சேர்த்து வரும் பலகை), மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. கடைசி பேனலின் தலையை, பேனல்மேல் பேனல் சேரும் வழக்கமான ஸ்டாக் ஜாயின்ட்போல விட்டுச் சிலிகான் பூசினால் போதாது. இபிடிஎம் மெம்பிரேனை (நீர்புகா ரப்பர் விரிப்பு) கான்கிரீட்டிலும் பேனல் ஃபிரேமிலும் தொடர்ச்சியாக ஒட்டி, அதன்மேல் வெளிப்புறம் சரியும் அலுமினிய ஃபிளாஷிங் (தண்ணீரை வழியவிடும் மடிப்புத் தகடு) வர வேண்டும். மெம்பிரேனில் தளர்வு விட வேண்டும், ஸ்லாப் தொய்வதற்கு அது இடம் தரும். சிலிகான் வருகிற இடத்தில் அதன் பின்னால் செருகும் நுரைக் கயிறான பேக்கர் ராட் கட்டாயம், இல்லையென்றால் பின்பக்கமும் ஒட்டி முதல் அசைவிலேயே கிழியும். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு கைப்பிடி பொருத்துகிறவர் பேஸ் பிளேட்டுக்காக அதே மெம்பிரேனில் துளை போடுகிறார். கைப்பிடி போல்ட்டின் இடம் முகப்பு வரைபடத்திலேயே இருந்தால் இது நடக்காது. கண்ணாடி துடைப்பவரை மொட்டைமாடியிலிருந்து இறக்கும் தொட்டில் பால்கனிகளைத் தாண்டி ஆபீஸ் கண்ணாடிக்கு வராது என்பதால், கீழ்ப்பகுதியைத் துடைக்க இன்னொரு தொட்டில் தொங்கும் தனி மோனோரெயில் தண்டவாளமும் இந்த மாடியில்தான்.

தீ விஷயத்தில் பேரம் கூடாது. ஸ்லாப் விளிம்புக்கும் முகப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை, ஸ்லாபுக்குச் சமமான தீத்தாங்கு நேரம் உள்ள பொருளால் ஒவ்வொரு மாடியிலும் அடைக்க வேண்டும். அழுத்தி வைத்த மினரல் வுல், மேலே புகைத்தடுப்புப் பூச்சு. பாலிஎத்திலீன் நடுப்பகுதி உள்ள ஏசிபி, அதாவது அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை, எந்த மாடியிலும் வேண்டாம். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததில் அந்தப் பலகைக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்னைக்கு அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர். உயரக் காரணிகளைச் சேர்க்கும் முன்பே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம், மூலைகளில் இழுவை இன்னும் கூடுதல். கடல் உப்புக்கு ஃபின் போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் நைலான் வாஷர்.

மாக்-அப் சோதனைக்கு, அதாவது முகப்பின் மாதிரியைக் கட்டிப் பார்க்கும் சோதனைக்கு, சாதாரண ஆபீஸ் பேனலை மட்டும் அனுப்பினால் அது எப்போதும் பாஸ் ஆகும். பால்கனியோடு சேரும் அந்த மூட்டையும் கட்டி அனுப்புங்கள். சைட்டில் ஏஏஎம்ஏ 501.2 என்ற அமெரிக்க முறைப்படி குழாயில் தண்ணீர் பீய்ச்சும் சோதனை: 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தம், நாசில் 30 செ.மீ. தூரத்தில், ஒன்றரை மீட்டர் மூட்டுக்கு 5 நிமிடம். கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா மூட்டையும் நனைத்துவிடும், ஒழுகியது எது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.