கிழக்குக்கு ஒரு கண்ணாடி, மேற்குக்கு ஒரு கண்ணாடி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டின் பழைய தேக்கு ஜன்னல்களை மாற்ற முடிவு செய்தபோது, சட்டம் யூபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். விலை எழுதித் தந்தவர்களும் வீடு முழுவதற்கும் ஒரே வகைக் கண்ணாடியைத்தான் குறித்திருந்தார்கள். ஜன்னலின் பரப்பில் பெரும்பகுதி கண்ணாடியே. வெயிலும் இரைச்சலும் அதன் வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. ஆகவே எந்தத் திசை, வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்து, ஜன்னலுக்கு ஜன்னல் தனித்தனியாக முடிவு செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வெயில். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில்கூடத் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழுவதில்லை. அங்கே சாதாரணக் கண்ணாடி போதும். மார்கழியில் விழும் வெயிலால் தொல்லையில்லை. துன்பமெல்லாம் மேற்கில்தான், ஏனெனில் பிற்பகலில் சாயும் சூரியன் சன்ஷேடுக்குக் கீழாக நேரே அறைக்குள் நுழைகிறது.

இந்த மேற்கு ஜன்னலுக்குத்தான் பல கடைகளில் ‘டபுள் கிளேஸிங்’ என்னும் இரட்டைக் கண்ணாடியைப் பரிந்துரைக்கிறார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 12 மி.மீ. காற்று இடைவெளி விட்டு ஓரங்களை மூடிய அமைப்பு அது. வெளியே 38 டிகிரி, ஏசி அறைக்குள் 26 டிகிரி என்றால், வெப்பநிலை வேறுபாட்டால் மட்டும் ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக ஏறத்தாழ 68 வாட் வெப்பம் உள்ளே வரும். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும். ஆனால் அதே சதுர மீட்டரில் மாலை வெயில் 500 வாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், தெளிந்த ஒற்றைக் கண்ணாடி அதில் 400 வாட்டை உள்ளே விட்டுவிடும். தெளிந்த இரட்டைக் கண்ணாடியும் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. வெளியே பனி உறைந்து கிடக்க, உள்ளே கணப்பு எரியும் நாடுகளில் வேறுபாடு 30 டிகிரிக்கும் மேல் போவதால், அங்கே இரட்டைக் கண்ணாடி தன் விலைக்கு ஈடான பலனைத் தருகிறது. நமக்கு வேண்டியது வெயிலைத் தடுக்கும் கண்ணாடி. எனவே விற்பவரிடம் சூரிய வெப்பம் எவ்வளவு உள்ளே வரும் என்னும் எண்ணைக் கேளுங்கள். எஸ்.எச்.ஜி.சி. என்பார்கள், தெளிந்த கண்ணாடிக்கு அது 0.8 அளவில் இருக்கும், மேற்குக்கு 0.4 அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது.

அதற்காகப் பளபளக்கும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியை யோசிக்காமல் வாங்கவும் கூடாது. வண்ணாரப்பேட்டை போன்ற குறுகிய தெருக்களில் அது திருப்பி அனுப்பும் வெயில் எதிர் வீட்டுக்காரரின் அறையில்தான் போய் விழும். அவர் வெக்கையில் நாம் குளிர்வது நியாயமாகப் படவில்லை. இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெளியிலிருந்து எல்லாம் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாங்கள் மேற்கில் நிறமேற்றிய கண்ணாடியைப் போட்டு, அதற்கு வெளியே மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டோம். வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்தும் தட்டிக்கு இணையான கண்ணாடி எதுவும் இல்லை. நிறக் கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சுவதால், பாதி நிழலும் பாதி வெயிலுமாக நிற்கும்போது விரிசல் விடக்கூடும். அதைப் பதப்படுத்திய டஃபன் கண்ணாடியாகவே வாங்க வேண்டும்.

கிழக்கில் சிக்கல் வேறு. கடற்காற்று வருவது அந்தப் பக்கம். எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி இரைச்சல் வருவதும் அந்தப் பக்கமே. பகலில் முழுவதும் திறக்கவும் இரவில் இறுக மூடவும் முடிய வேண்டும். தள்ளும் ஜன்னல் பாதிதான் திறக்கும். அதன் ஓரத்துத் தூரிகைப் பட்டை வழியாக ஒலியும் தூசியும் கசியும். கதவுபோல் திறந்து, ரப்பர் அழுந்த மூடும் ஜன்னலே இங்கு ஏற்றது. அதில் 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு 3 மி.மீ. கண்ணாடிகளுக்கு இடையே 0.38 மி.மீ. பிளாஸ்டிக் படலம் ஒட்டியது அது. அந்தப் படலம் அதிர்வை அடக்குவதோடு, புற ஊதாக் கதிரையும் பெரும்பாலும் தடுக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டஃபன் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு உறுதியானது. உடைந்தாலும் மழுங்கிய சிறு துண்டுகளாகவே சிதறும். ஆனால் சிதறியபின் ஜன்னல் வெறும் ஓட்டைதான். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே ஒட்டி நிற்பதால், மழை அறைக்குள் கொட்டாது. கிழக்கில் அதை நான் விரும்பியதற்கு இதுவும் காரணம்.

குளியலறைக்குப் ‘பின்ஹெட்’ என்னும், உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாத புள்ளி வேலைப்பாட்டுக் கண்ணாடி போதும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டஃபன் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. பழைய சுவர்கள் மூலைமட்டத்துக்குச் சரியாக இருப்பதில்லை. அகலத்தையும் உயரத்தையும் மூன்று இடங்களிலும், மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வந்ததும் மூலையில் தயாரிப்பாளர் முத்திரையும் ஐ.எஸ். 2553 என்னும் தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீல்களும் திருகுகளும் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். சட்டத்தின் அடியில் மழைநீர் வடியும் சிறு துளைகளைச் சிலிக்கான் பூசி அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.