தூங்கும்போது எண்ண வேண்டிய மூச்சு

"தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு டாக்டர்" என்று சொல்லித்தான் வயதான பொமரேனியன்களைப் பெரும்பாலும் தூக்கி வருவார்கள். இருமி, ஓங்கரித்து, கடைசியில் கொஞ்சம் நுரை துப்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வாயைத் திறந்தால் எலும்பு இருக்காது. இடப்பக்க மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் 'லப்'புக்கும் 'டப்'புக்கும் நடுவே 'புஸ்' என்றொரு சத்தம். இதயத்தின் இடப்பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வு தடித்துப்போய், சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. சின்ன இன நாய்களுக்கு வயதான காலத்தில் வெகு சாதாரணமாக வருவது இது.

சத்தம் கேட்டதாலேயே இதயம் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. அந்தச் சத்தத்தோடேயே வருஷக்கணக்கில் ஓடியாடும் நாய்கள் உண்டு. இருமலுக்கு மூச்சுக்குழல் தளர்வும் காரணமாகலாம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறதா என்பதே கேள்வி. அதை முதலில் கண்டுபிடிக்கக் கிளினிக்கைவிட வீடுதான் வசதி. இங்கே மேசைமேல் ஏற்றியதுமே பயத்தில் இரைக்கத் தொடங்கிவிடும்.

நீர் கோத்தால் மூச்சு வேகமாகும். நன்றாகத் தூங்கும்போது அதை எண்ணுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நாயோ பூனையோ, நிமிடத்துக்கு 30க்குள் இருப்பதுதான் இயல்பு. கனவில் காலை உதறும்போதும், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போதும், பூனை 'குர்ர்' என்று உறுமும்போதும் எண்ணினால் கணக்குத் தப்பிவிடும். தினமும் காலண்டரில் குறித்துவையுங்கள். வழக்கமாக 20 இருப்பது 34 ஆனால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லையா, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். படுக்க முடியாமல் முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

டாபர்மேன் போன்ற பெரிய நாய்களில் இருமலே இல்லாமல் மயக்கம்தான் முதலில் வரலாம். துவண்டு விழுந்து, சீக்கிரமே எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் நடந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். விறைத்து, எச்சில் வழிந்து, பிறகும் வெகுநேரம் பேந்தப் பேந்த விழித்தால் அது வலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். செல்போனில் எடுத்த வீடியோ எங்களுக்குப் பாதி வேலையை முடித்துத் தரும்.

பூனைதான் சிக்கல். இதயத் தசை தடித்துப்போன பூனைகள் பலவற்றில் ஸ்டெதாஸ்கோப்பில்கூட எதுவும் கேட்காது. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இதயக் கோளாறால் அவை இருமுவதும் அபூர்வம். சாப்பாட்டைக் குறைத்து, கட்டிலடியில் ஒதுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். துரத்திப் பிடிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூடையில் வைத்து உடனே கொண்டுவாருங்கள். எக்ஸ்ரேவுக்குக்கூட அழுத்திப் பிடிக்காமல் ஆக்ஸிஜன்தான் முதலில் கொடுப்போம்.

பூனை திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அலறினால் மாடியிலிருந்து விழுந்துவிட்டது என்றே நினைப்பார்கள். தொட்டுப் பாருங்கள். முன்னங்காலைவிடப் பின்னங்கால் சில்லென்றிருந்து, பாதம் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால், பின்னங்கால்களுக்குப் பெருந்தமனி பிரியும் இடத்தில், இதயத்தில் உருவான ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் வீண்.

மருந்து தொடங்கிய பிறகு நடக்கும் தவறுகள் வேறு ரகம். நுரையீரல் நீரை வடிக்க ஃப்ரூசமைடு கொடுத்தால் நிறைய சிறுநீர் போகும். வீடு நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். பூனைக்குக் கருவாடு, நாய்க்கு அப்பளம் இரண்டையும் நிறுத்திவிடுங்கள், உப்பு ஆகாது. இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்துகிறவர்களே அதிகம். நுரையீரலில் மறுபடி நீர் கோத்துக்கொண்டு நடுராத்திரியில் வருவதும் அந்த நாய்கள்தான்.