பழகிவிட்டார்

தன் அம்மாவை எங்கள் முதியோர் பராமரிப்பு விடுதியில் சேர்க்க இடம் பார்க்க வந்த ஒரு மகள் கேட்ட பத்துப் பதினைந்து கேள்விகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அந்த ஒன்றிலும் பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விடுதி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்தையும் சுவரின் நிறத்தையும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போய்விடுவார்கள். இவர் முதல்முறை சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் முறை மாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் வந்து நின்றார். டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். எங்களுக்கு ஷிஃப்ட் மாறுவதும் அப்போதுதான். ஒரு விடுதியின் லட்சணத்தைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள், நாற்காலியோடு கட்டிவைப்பதுண்டா, சாப்பிட மறுத்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்து ஊட்டுவீர்கள் என்றெல்லாம் கேட்டார். மனநோய்க்கான சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்ததுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இரவு ஆள் கணக்கு பெருமைப்படும்படி இல்லை. அதையும் மறைக்கவில்லை.

கிளம்பும்போதுதான் அதைக் கேட்டார். "சிஸ்டர், சேர்த்த பிறகு தினமும் வந்து பார்க்கலாமா?"

"முதல் இரண்டு வாரம் வராதீர்கள். உங்களைப் பார்த்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அழுவார். பார்க்காமல் இருந்தால் சீக்கிரம் பழகிவிடுவார்."

மகளின் தோள்கள் சற்றுத் தளர்ந்தன. மூன்று வருடமாக இரவில் முழுதாகத் தூங்காதவர். வராமல் இருப்பதற்கு ஒருவர் அனுமதி கொடுத்தால் போதும் என்றிருந்தவருக்கு நான் கொடுத்தேன். அதில் என்ன தவறு என்று கேட்டுப் பார்க்கிறேன். சில நாட்களுக்கு அந்தப் பதில் போதுமானதாகவே இருக்கிறது.

அம்மா ஒரு பழுப்பு நிறக் கைப்பையோடு வந்தார். தினமும் நான்கு மணிக்கு அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு எண் பூட்டுக் கதவின் முன்னால் வந்து நிற்பார். "பள்ளிக்கூடம் விட்டுவிடும், பாப்பா காத்திருப்பாள்." பேச்சுக் கொடுத்துத் திருப்பி அழைத்துவந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி கதவருகே இருப்பார். ஆறாம் நாள் பையை எடுத்து அலுவலக அலமாரியில் வைத்தேன். பை கையில் இருந்தால் வெளியே கிளம்ப வேண்டும் என்ற நினைவைத் தூண்டும். அதைக் கண்ணில் படாமல் வைப்பது எல்லோரும் செய்கிற காரியம். ஒன்பதாம் நாள் நான்கு மணிக்கு அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. நோட்டில் எழுதினேன்: அமைதியாக இருக்கிறார். பழகிவிட்டார்.

பதினைந்தாம் நாள் மகள் வந்தார். சிறிது நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "அம்மாவின் பை எங்கே?" என்றார். எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தேன். அவர் வாரில் தோல் உரிந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு பையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் மகள் இருந்தார். ஆனால் கொடுத்தது என்னிடம்.

மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இரண்டு வாரம் என்பது எந்தக் கணக்கு சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். "எங்கள் அனுபவம்" என்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் மூத்த நர்ஸ் ஒருவர் சொன்னது அது. அவருக்கு யார் சொன்னார்களோ.

பிறகு ஓர் ஆய்வைப் படித்தேன். அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்டது. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டியிருக்கிறார்கள். என்ன பார்த்தோம் என்பது சீக்கிரமே மறந்துபோனது. அது கிளப்பிய உணர்ச்சியோ மறந்த பிறகும் தங்கியிருந்தது. மகள் வரவில்லை என்பது அம்மாவுக்கு நினைவில் இருந்திருக்காது என்று அதுவரை எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது.

இதற்கு எதிராகவும் சொல்ல நிறைய உண்டு. நோய் தன் போக்கில் முற்றியிருக்கலாம். வீடு மாறினாலே சிலர் தளர்ந்துபோவார்கள். தினமும் வந்த இன்னொரு குடும்பத்தில், அவர்கள் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியவர் கதவில் தலையை மோதிக்கொண்டார். அதையும் நான்தான் பார்த்தேன். அம்மா உண்மையிலேயே பழகியும் இருக்கலாம். அடங்கிப்போனவரும் பழகிப்போனவரும் நோட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அந்தப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லை அடித்துவிடலாமா என்று ஓர் இரவு டூட்டியில் பேனாவைத் திறந்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. மூடிவிட்டேன்.

போன வாரம் ஒரு மகன் தன் அப்பாவுக்காக இடம் பார்க்க வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். "ஒரு வாரம்" என்றேன்.