ஊசி எழுதிய நேரமும் ஊசி ஏறிய நேரமும்

செப்சிஸ் என்றால் என்ன என்று எங்கள் ஆஸ்பத்திரியில் தெரியாத ஆள் கிடையாது. தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பே நிலைதப்பி தன் கிட்னியையும் நுரையீரலையும் கெடுத்துக்கொள்கிற நிலை, ரத்த அழுத்தம் விழுந்து ஷாக் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த சிஸ்டர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் "நம்ம இடத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரியில் குவாலிட்டி நர்ஸாக இருக்கிறேன். அந்தப் பதிலைத் தேடிப் போனதைத்தான் எழுதுகிறேன், இதே வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் உபயோகப்படும்.

முதல் தொல்லை, கேஸ்களைக் கண்டுபிடிப்பது. ரெக்கார்டு ரூமில் போய் செப்சிஸ் ஃபைல்களைக் கொடுங்கள் என்றால் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வந்தது. ஒரு ஃபைலில் யூரோசெப்சிஸ் (சிறுநீர்த் தொற்றில் தொடங்கியது), இன்னொன்றில் வெறும் காய்ச்சல், மற்றொன்றில் நிமோனியா, இறந்தவர்கள் ஃபைலில் "இதயமும் மூச்சும் நின்றது" என்று எழுதி முடித்திருப்பார்கள் (யாருக்குத்தான் நிற்காது?). நோயின் பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, விழுந்த பிரஷரைத் தூக்கும் நாரட்ரினலின் ஆரம்பித்தவர்கள் யார் என்று ஐசியு ரெஜிஸ்டரிலும், மெரோபெனம், பிப்டாஸ் என்ற பெரிய ஆன்டிபயாடிக்குகள் யாருக்குப் போனது என்று பார்மசி லிஸ்டிலும் தேடினேன். பிறகுதான் ஃபைல்கள் மேசையில் குவிந்தன.

அடுத்தது மணி எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பது. டாக்டர் செப்சிஸ் என்று எழுதிய நேரத்திலிருந்து கணக்கிட்டால் எல்லாரும் பாஸ், ஏனென்றால் அவர் எழுதும்போதே கையில் ஊசி இருக்கும். அதற்கு முன்னால் நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடந்த நேரம் கணக்கிலேயே வராது. கேஷுவாலிட்டி வாசலில் பெயர் பதிந்த நேரத்தையே ஆரம்பமாக வைப்போம் என்றேன். டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஒரு மீட்டிங் முழுக்க இதிலேயே போனது. கடைசியில் எங்கள் மெடிக்கல் சூப்பரிண்டெண்ட் மேடம், "யாரையும் பிடிக்கிறதுக்காக இதை எழுதல, ஃபைலில் டாக்டர் பேரே வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் இந்த வேலை அன்றைக்கே படுத்திருக்கும்.

நேரங்களைக் கோத்துப் பார்த்தால் சில பேருக்கு ஆர்டர் எழுதுவதற்கு முன்பே ஊசி ஏறியிருந்தது! விஷயம் என்னவென்றால் கேஷுவாலிட்டிச் சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், பில்லிங் கம்ப்யூட்டர் இன்னொன்று சொல்லும், சிஸ்டர்கள் செல்போன் பார்த்து எழுதுவார்கள். கம்ப்யூட்டர் நேரம்தான் எல்லாருக்கும் நேரம் என்று முடிவு செய்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்து, அதற்குப் பிறகு வந்த கேஸ்களை மட்டும் கணக்கில் சேர்த்தோம்.

மூச்சு எண்ணிக்கையும் இப்படித்தான். எந்த கேஸ் ஷீட்டைத் திறந்தாலும் நிமிஷத்துக்கு 20. ஓடி வந்தவருக்கும் 20, படுத்த படுக்கையாக வந்தவருக்கும் 20. நாங்கள் எடுத்துக்கொண்டது நியூஸ்2 ஸ்கோர் (மூச்சு, நாடி, பிரஷர் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவது, மார்க் ஏற ஏற ஆபத்து), பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்டது. அதில் மூச்சு 12 முதல் 20 வரை சைபர், 21 முதல் 24 வரை 2 மார்க், 25-ஐத் தொட்டால் 3. அப்படியென்றால் பார்க்காமலே 20 என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அபாயத்தை அழித்துவிட்டு எழுதுகிறோம். அதே ஸ்கோரில் புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 மார்க். "அப்பா நேத்துலேருந்து ஒரு மாதிரி பேசுதாவ சிஸ்டர், எங்களையே ஆள் தெரியல" என்று மகள் சொல்வதை நாம் காதில் வாங்கிக்கொள்வதோடு சரி, ஷீட்டில் "நினைவு நன்று" என்றே எழுதியிருக்கும். வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஃபாரத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டேன். நான் செய்ததில் உருப்படியானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, ஊசிக்கு வருகிறேன். தாமதம் டாக்டர் யோசிப்பதில் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தோம். கணக்கு வேறு சொன்னது. ஆர்டர் சீக்கிரமே எழுதிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அந்தச் சீட்டு சொந்தக்காரர் கையில் பில்லிங் கவுண்டருக்குப் போகிறது, அங்கே வரிசை, பணம் போதாமல் ஊருக்கு ஒரு போன், பிறகு பார்மசி, பிறகு மருந்தோடு திரும்பி வந்து எந்த பெட் என்று தேடல், இதற்குள் டூட்டி மாறிவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம். பாதிக்கு மேல் நேரம் போனது இங்கேதான். நோயாளி உள்ளே, மருந்து அதே கட்டடத்தில், நடுவில் ஒரு பில்.

முதல் டோஸ் மருந்துகளை ஒரு டப்பாவில் போட்டு கேஷுவாலிட்டியிலேயே வைப்போம், பில் பிறகு போடலாம் என்றதும் பார்மசி அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றார். "பில்லு போடாம மருந்து வெளிய போச்சுன்னா ஸ்டாக் டேலி ஆகாது சிஸ்டர், ஆடிட்டுல என்னையத்தான் கேப்பாவ." அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. காலி மருந்துக் குப்பியும் நோயாளி ஸ்டிக்கரும் கொடுத்தால்தான் புதுக் குப்பி, எக்ஸ்பயரி பார்ப்பது அவர் பொறுப்பு என்று அவரே ஒரு வழி சொன்னார். முதலில் ஒரே ஒரு ஷிஃப்டில், ஆர்வமுள்ள ஒரு சிஸ்டரை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இரவுக்கும் விரித்தோம். ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்கிற பிளட் கல்ச்சர் பாட்டிலும் லேபிலிருந்து அந்த டப்பாவுக்கே குடிவந்தது. ஊசிக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும், ஆனால் பாட்டில் இல்லையென்று ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.

இங்கே நம்ம ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மழை முடிந்து பனி இறங்குகிற மாதங்களில் களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களில் ஸ்க்ரப் டைபஸ் (கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடித்து வருகிற காய்ச்சல்) இருக்கும். நாம் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோன் அதற்கு வேலை செய்யாது, டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். முற்றிய கேஸில் இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு 2023-இல் வந்தது. இப்போது பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள் செஃப்ட்ரியாக்சோன் போட்டால் என் ஷீட்டில் பச்சை டிக், நோயாளிக்கோ ஒரு பலனும் இல்லை. ஆகையால் "எஸ்கார் பார்த்தாயிற்றா?" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். எஸ்கார் என்பது உண்ணி கடித்த இடத்தில் வரும் கருப்புப் பொருக்கு, அது அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். நடு ஹாலில் ஸ்க்ரீன் இல்லாமல் எந்த ஆச்சி சேலையை விலக்கிக் காட்டுவாள்? இரண்டு ஸ்க்ரீன் வாங்கச் சொல்லிக் கேட்டேன், டப்பாவுக்குக் கிடைத்த அனுமதியைவிட இதற்கு அதிக நாள் ஆனது.

டிரிப்ஸ் விஷயமும் உண்டு. ஷாக்கில் வந்தவருக்குக் கிலோவுக்கு 30 மில்லி என்பது செப்சிஸ் கைடுலைன், 50 கிலோ ஆளுக்கு ஒன்றரை லிட்டர். எடையே பார்க்காத இடத்தில் இதை எப்படிக் கணக்குப் போடுவது? கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மூச்சு முட்டுகிறதா என்று தனியாகப் பார்த்து எழுதுகிறோம். டெங்குவுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போய்விட்டதா என்பதையும் எண்ணுகிறோம், இல்லையென்றால் வேகம் காட்டுவதற்காக எல்லாருக்கும் ஊசி ஏறிவிடும்.

கிராஃப் போடுகிறவர்களுக்கு ஒன்று. சராசரி போடாதீர்கள், மீடியன் (நேரங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) போடுங்கள். பணம் புரட்டப் போய் விடிய விடியக் காத்திருந்த ஒரே கேஸ் மாதக் கணக்கையே சாய்த்துவிடும். தொடர்ந்து ஆறு புள்ளிகள் மீடியன் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால்தான் மாற்றம் என்று சொல்லலாம். எங்களுக்குக் கேஷுவாலிட்டியில் அது விழுந்துவிட்டது. இறப்பு குறைந்ததா என்று மேனேஜ்மெண்ட் கேட்கிறது. எங்களிடம் உள்ள எண்ணிக்கைக்கு அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

வார்டுதான் பாக்கி. அங்கே இரவு நியூஸ்2 ஸ்கோர் 7-ஐத் தொட்டாலும் பெரிய டாக்டரை எழுப்ப சிஸ்டர்கள் தயங்குகிறார்கள். "7 வந்தால் மணி எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு பிசிஷியன் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அந்தக் காகிதத்தை நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டியாயிற்று. மற்றவர்களின் கையெழுத்துக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும்.